நடுச்செவியில் தேங்கும் திரவம்: அழற்சித் தூதுப்பொருள்களும் மலையகச் சிறாரின் செவிப்புலனும்

பெருந்தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பின்னடைவைப் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்டவை ஏராளம். வறுமை, போசாக்கின்மை, ஆசிரியர் பற்றாக்குறை, பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஆகிய யாவும் ஆராயப்பட்டுள்ளன. அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான ஒரு திரவம் மட்டும் இவ்வாராய்ச்சிகளில் அநேகமாக இடம்பெறுவதில்லை. செவிப்பறைக்கு உட்புறத்தில், பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், நோவும் காய்ச்சலுமின்றி அது தேங்கி நிற்கிறது. நோவில்லாத நோயை வறியவர் வீட்டில் எவரும் நோயென்று எண்ணுவதில்லை. மருந்துக்குப் போனால் அன்றைய பேர் இல்லாமற் போகும் என்ற நிலையிலுள்ள தோட்டத் தொழிலாளியை, அவ்வாறு எண்ணாமைக்காகக் குறை கூறவும் இயலாது.

நடுச்செவியில் சீழ் கொண்டு, செவிப்பறை துளைபட்டு, வெளியே வடியும் நோயை யாவரும் அறிவர். மலையகத்தில் 'காதிலே சீ வடியுது' என்று சொல்வதும் அதனையே. நாம் இங்கு எடுத்துக்கொள்வது அதற்கு முந்திய, ஓசையில்லாத கட்டத்தை. செவிப்பறை முழுமையாக இருக்கும், காய்ச்சல் இராது, ஆனால் காற்று நிறைந்திருக்கவேண்டிய நடுச்செவியில் திரவம் நிறைந்திருக்கும். சில பிள்ளைகளில் அது நீர் போல மெல்லியதாகவும், நாட்பட நாட்படப் பசை போலத் தடித்ததாகவும் காணப்படும். ஆங்கில நாட்டு மருத்துவர்கள் இதனைப் 'பசைச் செவி' என்று பேச்சுவழக்கிற் குறிப்பிடுவது இத்தன்மை பற்றியே. இத்திரவம் எவ்வாறு உண்டாகிறது, ஏன் நீங்காது நிற்கிறது என்னும் வினாக்களுக்குக் கடந்த அரை நூற்றாண்டில் கிடைத்த விடையை விளக்குவதும், அவ்விடை மஸ்கெலியா போன்ற ஒரு பிரதேசத்துக்கு எவ்வகையிற் பொருந்துகிறது என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மஸ்கெலியாவை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. சிவனொளிபாத மலையின் அயலில், தென்மேல் பருவக்காற்றின் மழையை நேரே ஏற்கும் சரிவில் அமைந்த ஊர் அது. 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் பழைய பட்டினத்தை மூழ்கடித்தபின் மேட்டில் மீண்டும் கட்டப்பட்டது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை மழையும் குளிரும் விடாது நிற்கும் மாதங்களில் லயங்களின் கதவுகளும் சன்னல்களும் மூடியே கிடக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, உள்ளே எரியும் விறகடுப்பு, ஒரே பாயிற் படுக்கும் பிள்ளைகள், பகலில் அயல் வீட்டுக் குழந்தைகளோடு பிள்ளை மடுவம். நடுச்செவி அழற்சியைத் தூண்டுவன என்று மருத்துவ நூல்கள் கூறுவனவற்றுட் பல அங்கு ஒரே கூரையின் கீழ்க் கூடியுள்ளன.

பழைய விளக்கம்

நடுச்செவி என்பது செவிப்பறைக்கும் உட்செவிக்கும் இடையிலுள்ள ஒரு சிறிய காற்றறை. மூன்று நுண்ணிய என்புகள் அவ்வறையைக் குறுக்கே கடந்து, செவிப்பறையின் அதிர்வை உட்செவிக்குக் கொண்டு சேர்க்கின்றன. காற்று இருபுறமும் சமமான அமுக்கத்தில் இருந்தாலன்றிச் செவிப்பறை தாராளமாக அதிராது. அச்சமநிலையைக் காப்பது நடுச்செவியையும் மூக்கின் பின்புறத் தொண்டையையும் இணைக்கும் ஊத்தேக்கியாவின் குழாய். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்றறிஞர் பார்த்தொலோமியோ ஊத்தேக்கியோவின் பெயரால் வழங்கும் இக்குழாய் சாதாரணமாக மூடியிருந்து, விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறக்கும். சிறு பிள்ளைகளில் இது குட்டையாகவும், ஏறக்குறையக் கிடையாகவும், திறக்கும் தசைகள் வலுக்குன்றியும் இருக்கும். ஆகவே தொண்டையிலுள்ளவை செவிக்கு ஏறுவது எளிது. செவியிலுள்ளவை தொண்டைக்கு இறங்குவது அரிது.

வியன்னாவில் செவி மருத்துவத்தை ஒரு தனித் துறையாக நிலைநாட்டியவர்களுள் ஒருவரான அடம் பொலிட்சர் 1860களில் இவ்வமைப்பைக் கொண்டே ஒரு விளக்கத்தை முன்வைத்தார். குழாய் அடைபடுகிறது, உள்ளே அகப்பட்ட காற்றைச் சீதமென்சவ்வின் குருதி உறிஞ்சிக்கொள்கிறது, அமுக்கம் குறைகிறது, குறைந்த அமுக்கம் மயிர்க்குழாய்களிலிருந்து நீரை இழுத்து அறையை நிரப்புகிறது. எளிமையும் அழகும் பொருந்திய இவ்விளக்கம் நூறாண்டு காலம் பாடநூல்களில் ஆட்சி செலுத்தியது. முற்றும் தவறென்று இதனை ஒதுக்கிவிடவும் முடியாது. அண்ணப்பிளவோடு பிறக்கும் குழந்தைகளில் குழாயைத் திறக்கும் தசை சரிவர இயங்குவதில்லை. அக்குழந்தைகள் ஏறக்குறைய அனைவருக்கும் நடுச்செவியில் திரவம் தேங்குகிறது.

ஆயினும் அத்திரவத்தை உறிஞ்சியெடுத்துப் பகுத்தாராயத் தொடங்கியபோது விளக்கம் இடறியது. அமுக்க வேறுபாட்டினால் மட்டும் கசிந்த நீராயின் அதிற் புரதம் குறைவாகவும் கலங்கள் அரிதாகவும் இருத்தல் வேண்டும். கண்டதோ வேறு. புரதம் மிகுந்திருந்தது, வெண்குருதிக் கலங்களும் அவை உமிழும் நொதியங்களும் இருந்தன, எல்லாவற்றுக்கும் மேலாக, குருதியில் இல்லாத, சீதமென்சவ்வு தானே உற்பத்தி செய்யும் மியூசின் என்னும் பெரும் மூலக்கூறுகள் செறிந்திருந்தன. ஆகவே அந்நீர் கசிந்து வந்தது மட்டுமன்று; அங்கேயே ஆக்கப்பட்டதுமாகும். யாருடைய கட்டளையால் ஆக்கப்பட்டது என்பதே அடுத்த கேள்வி.

தூதுப்பொருள்கள்

உடலின் ஓரிடத்திற் காயமோ கிருமித் தொற்றோ நேர்ந்தால் அவ்விடம் சிவந்து, வெம்மையுற்று, வீங்கி, நோகிறது. இதனை அழற்சி என்கிறோம். அழற்சி தானே நிகழ்வதன்று. தாக்குண்ட கலங்கள் சில இரசாயனப் பொருள்களை வெளிவிட்டு அயற் கலங்களுக்கும் குருதிக் குழாய்களுக்கும் செய்தி அனுப்புகின்றன. அவையே அழற்சித் தூதுப்பொருள்கள். தூது என்பது தமிழ் மாணவருக்குப் பழகிய துறை. ஆனால் இத்தூதரிடையே ஒரு விசித்திரம் உண்டு. ஒருவர் போய்ச் சேராவிடினும் அதே செய்தியை வேறு நால்வர் கொண்டு சேர்த்துவிடுவர். இதனை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். மருந்துகள் ஏன் தோற்கின்றன என்பதற்குப் பின்னர் இதுவே விடையாக வரும்.

நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரு சாதாரணத் தடிமனிலிருந்து தொடங்குகிறது. வைரசு மூக்கின் பின்புறச் சீதமென்சவ்வைப் புண்படுத்துகிறது. குழாயின் வாயில் வீங்குகிறது. அதுவரை அவ்விடத்தில் தீங்கின்றி வாழ்ந்திருந்த பற்றீரியாக்கள் பெருகிக் குழாய் வழியே நடுச்செவிக்கு ஏறுகின்றன. நியுமோகொக்கசு, ஈமோபிலசு இன்புளுவென்சே, மொறக்செல்லா கற்றராலிசு ஆகிய மூன்றுமே இவற்றுள் முதன்மையானவை. இவற்றின் கலச்சுவர்ப் பகுதிகளை இனங்கண்டுகொள்ளும் வாங்கிகள் நடுச்செவிச் சவ்வின் கலங்களில் உண்டு. வாங்கி தூண்டப்பட்டவுடன் கலத்தின் கருவுக்குள் உறங்கிக் கிடந்த மரபணுக்கள் சில விழித்துச் சைட்டோகைன்கள் என்னும் புரதத் தூதர்களை ஆக்கத் தொடங்குகின்றன.

முதலில் வெளிப்படுவன கட்டி நசிவுக் காரணி அல்பா, இன்டர்லூக்கின் 1 பீட்டா என்னும் இரண்டும். இவை மயிர்க்குழாய்களின் சுவரை நெகிழச் செய்து, குருதித் திரவமும் புரதமும் வெளியே ஒழுக வழி திறக்கின்றன. அச்சுவர்களை வெண்குருதிக் கலங்கள் ஒட்டிக்கொள்ளக் கூடியவையாகவும் ஆக்குகின்றன. தொடர்ந்து வரும் இன்டர்லூக்கின் 8 வெண்குருதிக் கலங்களைக் கூட்டங்கூட்டமாக அழைக்கிறது. வந்த கலங்கள் கிருமிகளோடு பொருதி மடிந்து, தம் நொதியங்களையும், வலை போன்ற டி.என்.ஏ. இழைகளையும் அங்கே விட்டுச் செல்கின்றன. திரவத்தின் பிசுபிசுப்புக்கு அவ்விழைகளும் ஒரு காரணம்.

புரதத் தூதர்களோடு கொழுப்பிலிருந்து பிறக்கும் தூதர்களும் சேர்கின்றனர். கலமென்சவ்விலுள்ள அரக்கிடோனிக் அமிலம் ஒரு நொதியத்தின் வழியே புரொஸ்டாகிளாண்டின்களாகவும், மற்றொன்றின் வழியே லியூக்கோட்ரைன்களாகவும் மாறுகிறது. புரொஸ்டாகிளாண்டின் என்னும் பெயரை 1930களில் இட்டவர் சுவீடனின் உல்ப் வொன் ஒய்லர். அசுப்பிரின் அதன் உற்பத்தியையே தடுக்கிறது என்று 1971இல் ஜோன் வேன் காட்டினார். அவருக்கும், இத்துறையில் உழைத்த பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் ஆகியோருக்கும் 1982இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்காலத்தில் செவி மருத்துவர்களும் இவ்விரு வகைப் பொருள்களை நடுச்செவித் திரவத்தில் தேடிக் கண்டுபிடித்தனர். இவற்றோடு ஹிஸ்டமின், பிராடிகைனின், குருதிச் சிறுதட்டுகளை ஊக்கும் காரணி முதலியனவும் அங்கே காணப்பட்டன.

காணப்பட்டமை மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதை நிறுவாது. திரவம் தேங்கியதனால் இவை சேர்ந்தனவா, இவை சேர்ந்ததனால் திரவம் தேங்கியதா? இதனைத் தீர்க்க விலங்குகளில் நடத்திய பரிசோதனைகள் உதவின. வெப்பத்தால் கொல்லப்பட்ட பற்றீரியாவையோ, அதன் சுவரிலிருந்து பிரித்த நச்சுப்பொருளையோ நடுச்செவியில் இட்டபோது திரவம் தேங்கியது. கிருமி உயிரோடிருக்க வேண்டுமென்ற அவசியம்கூட இருக்கவில்லை. சைட்டோகைனைத் தனியே செலுத்தியபோதும் திரவம் தோன்றியது; அதனைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்த்தபோது திரவம் குறைந்தது. குழாய் அடைபடுதல் ஒரு துணைக் காரணம். தூதுப்பொருள்களே திரவத்தை ஆக்குவிப்பவை என்னும் முடிவு இவ்வாறு உறுதிப்பட்டது.

நீர் ஏன் போவதில்லை

பெரும்பாலான பிள்ளைகளில் இத்திரவம் மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடுகிறது. கவலைக்குரியது வடியாது நிற்பவர்களின் நிலை. நடுச்செவியின் சவ்வு இயல்பாக மெல்லியது. ஊத்தேக்கியாவின் குழாயை அண்டிய பகுதியில் மட்டும் பிசிர்கள் அடர்ந்து, துடைப்பம் போல் அழுக்கைத் தொண்டைப் பக்கம் தள்ளும். அழற்சி நீடித்தால் இச்சவ்வு உருமாறுகிறது. பிசிர்க் கலங்கள் குறைந்து, சீதத்தைச் சுரக்கும் கிண்ணக்கலங்கள் முன்னில்லாத இடங்களிலும் முளைக்கின்றன. இன்டர்லூக்கின் 13 முதலிய பிந்திய தூதர்களுக்கு இவ்வுருமாற்றத்திற் பங்குண்டு. 'மியூசின் 5பி' எனப்படும் மூலக்கூறு இத்திரவத்தில் மிகுந்து நின்று, நீரைப் பசையாக்குகிறது. சுரப்பவை கூடித் துடைப்பவை குறைந்த அறையில் தேக்கத்தைத் தவிர வேறெதனை எதிர்பார்க்க முடியும்?

வேறொரு புதிர் நெடுநாள் இருந்தது. இத்திரவத்தை வளர்ப்பூடகத்தில் இட்டுப் பார்க்கும்போது பலவேளைகளில் பற்றீரியா எதுவும் வளர்வதில்லை. ஆகவே கிருமியற்ற திரவம் என்று கருதினர். 1995இல் டி.என்.ஏ.யைப் பெருக்கிக் காணும் முறையைப் பயன்படுத்தியபோது, வளராத திரவங்கள் பலவற்றிலும் பற்றீரியாவின் டி.என்.ஏ. இருப்பது தெரிந்தது. 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நாட்பட்ட செவிநோயுள்ள பிள்ளைகளின் நடுச்செவிச் சவ்விலிருந்து எடுத்த சிறு துண்டுகளை நுணுக்குக்காட்டியிற் கண்டபோது, பற்றீரியாக்கள் தம்மைச் சுற்றிப் பசைப்படலம் ஒன்றைப் போர்த்துக்கொண்டு சவ்வோடு ஒட்டி வாழ்வதைக் கண்டனர். குளத்துக் கல்லிற் படியும் பாசி போன்ற வாழ்க்கை அது. நுண்ணுயிர்கொல்லி மருந்து படலத்தை எளிதில் ஊடுருவாது. படலமோ தன் துணுக்குகளை விட்டுக்கொண்டே இருக்கும். துணுக்குகளைக் கண்ட சவ்வு தூதுப்பொருள்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வாமையும் இச்சங்கிலியில் ஒரு கண்ணியாகலாம் என்பர் சிலர்; அவ்வாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

மருந்துப் போத்தலின் வரையறை

ஹிஸ்டமின் காரணமாயின் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து கொடுக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. தோட்ட மருந்தகங்களிலும் பட்டினத்து மருந்துக் கடைகளிலும் சளிக்கென்று கொடுக்கப்படும் வண்ணப் பாணிகளிற் பல இவ்வகையைச் சேர்ந்தவையே. பல ஆய்வுகளை ஒருங்கே திரட்டி மதிப்பிட்டபோது, நடுச்செவித் திரவத்துக்கு இவற்றால் நன்மை எதுவும் இல்லையெனவும், தூக்கக் கலக்கம் முதலிய தீமைகள் உண்டெனவும் தெரியவந்தது. மூக்கடைப்பு நீக்கிகளின் கதையும் அதுவே.

அப்படியாயின் எல்லாத் தூதர்களையும் ஒருங்கே அடக்கவல்ல ஸ்டீரொயிட் மருந்தைக் கொடுத்தாலென்ன? வேல்சிலும் இங்கிலாந்திலும் இரண்டு முதல் எட்டு வயது வரையான 389 பிள்ளைகளில் இதனைச் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். ஏழு நாள் பிரெட்னிசொலோன் உட்கொண்டவருள் ஐந்தாவது வாரத்தில் நூற்றுக்கு 40 பேருக்குச் செவிப்புலன் போதியதாயிருந்தது. வெறும் பாணி உட்கொண்டவருள் நூற்றுக்கு 33 பேருக்கு. வேறுபாடு நம்பத்தக்க அளவினதன்று. ஏழு நாள் தூதரைச் சிறையிடலாம். அவரை அனுப்பிவைக்கும் தூண்டல் எட்டாம் நாளும் அங்கேயே இருக்கிறது. இவ்விளக்கம் அவ்வாய்வாளர் கூறியதன்று, நம்முடைய ஊகமே. எனினும் மேலே கூறிய பொறிமுறையோடு அது இசைகிறது.

பயன் தருவன எளிய பொறியியல் முறைகளாகவே இருப்பது ஒரு வேடிக்கை. மூக்கின் ஒரு துளையால் பலூனை ஊதுவித்துக் குழாயைத் திறக்கச் செய்வது ஒன்று. இதற்கு ஒரு சிறு முனைக்குழாயும் பலூனுமே தேவை. பிரித்தானியாவில் 320 பாடசாலைப் பிள்ளைகளிடையே நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனையில் இதனால் சிறிதளவு, ஆனால் மெய்யான, நன்மை கிட்டியது. செவிப்பறையில் நுண்துளையிட்டு ஒரு சிறு குழலைப் பொருத்துவது மற்றொன்று. பொலிட்சர் முயன்று கைவிட்ட இம்முறையை 1954இல் அமெரிக்கரான ஆம்ஸ்ட்ரோங் மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். குழல் பொருத்திய உடனே செவிப்புலன் தெளிகிறது. குழல் தானே விழுந்துவிடும் வரையான மாதங்களுக்கு அந்நன்மை நிற்கும். ஆனால் அதற்குச் செவி நிபுணரும், மயக்க மருந்தும், அறுவை நுணுக்குக்காட்டியும் வேண்டும். மஸ்கெலியாவிலிருந்து இவற்றைத் தேடி நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போய்வருவதென்றால் தாய்க்கு எத்தனை நாட் பேர் போகும் என்று கணக்கிட்டே தோட்டத்தார் முடிவெடுப்பர். நல்லெண்ணெயிற் பூண்டு தட்டிக் காய்ச்சிக் காதிற் சொட்டவிடுவது அதைவிட மலிவு. செவிப்பறை முழுமையாயிருக்கையில் அவ்வெண்ணெய் திரவத்தைச் சென்றடைவதே இல்லை. துளைபட்டிருப்பின் கேடே விளையும்.

லயமும் பிள்ளை மடுவமும்

தூதரை அடக்குவது கடினமாயின், தூது அனுப்பும் காரணங்களைக் குறைப்பதே வழி. அக்காரணங்களிற் பெரும்பாலானவை மருந்தகத்துக்கு வெளியே உள்ளன.

ஆஸ்திரேலியாவின் வடபுலத்துப் பழங்குடிக் குழந்தைகளிடையே டார்வின் நகர மென்சீஸ் நிறுவனத்தார் 1990களில் செய்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. நெருக்கடியான வீடுகளிற் பிறந்த அக்குழந்தைகளின் மூக்கின் பின்புறத்தில், பிறந்து சில வாரங்களுக்குள்ளேயே செவிநோய்ப் பற்றீரியாக்கள் குடியேறிவிட்டன. செவியழற்சியும் தொடர்ந்து வந்து பின்னர் நீங்காமலே நின்றது. நகரத்து வசதியான வீடுகளில் இக்குடியேற்றம் பிந்தியும் மெல்லவும் நிகழ்ந்தது. குழந்தைகளின் உடலமைப்பில் காரணத்தைத் தேடுவதைவிட ஓர் அறையில் எத்தனை பேர் மூச்சுவிடுகின்றனர் என்று எண்ணுவது பயன் தரும். தமிழ்நாட்டில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட கட்டுரையில், நாட்பட்ட சீழ்ச்செவி நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இருந்ததாகக் கண்டனர். நூற்றுக்கு நான்கைத் தாண்டினாலே அதனைப் பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகக் கொள்ளவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

லயத்துக்கு வருவோம். முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயங்களில் குறுக்குக் காற்றோட்டம் கிடையாது. சிகரெட்டுப் புகை பிள்ளைகளின் நடுச்செவி நோயைக் கூட்டுகிறது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. புகை பிசிர்களை முடக்கிக் கிண்ணக்கலங்களைத் தூண்டுகிறது. மேலே கூறிய உருமாற்றத்துக்கு இது நேரடி உதவி. விறகுப் புகையைச் செவியோடு தொடர்புபடுத்தும் சான்றுகள் அத்துணை வலியன அல்ல. ஆனால் அதே புகை பிள்ளைகளின் நுரையீரல் அழற்சியைக் கூட்டுகிறது என்பது தெளிவு. மூக்கு, தொண்டை, குழாய், நடுச்செவி, மூச்சுக்குழாய் ஆகிய அனைத்தையும் போர்த்தியிருப்பது ஏறக்குறைய ஒரே வகைச் சவ்வே. புகைபோக்கியுள்ள அடுப்பை அமைக்க ஒரு செவி ஆய்வு முடியும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.

பிள்ளை மடுவம் பற்றிச் சற்று நிதானமாகப் பேசவேண்டும். கொழுந்தெடுக்கும் தாய்மாருக்கு அது இன்றியமையாத வசதி. அதனை இழிவுபடுத்துவது நம் கருத்தன்று. எனினும் பல குழந்தைகள் ஒன்றாகப் பராமரிக்கப்படும் இடங்களில் தடிமனும் நடுச்செவி நோயும் மிகுதல் செல்வ நாடுகளிலும் கண்ட உண்மை. ஒரு தடிமன் ஓய்ந்து சவ்வு தேறுவதற்குள் அடுத்த தடிமன் வந்தால் தூதுப்பொருள்களுக்கு ஓய்வேயில்லை. ஓர் அறையிலுள்ள குழந்தைகளின் தொகையைக் குறைத்தல், கைகழுவ நீர், திறக்கக்கூடிய சன்னல், தாய் மலையிலிருந்து வந்து பாலூட்டிச் செல்லப் போதிய நேரம் என்பன இங்கு மருந்துக்கு ஒப்பானவை. தாய்ப்பால் செவியழற்சியைக் குறைக்கும் என்பதும் நன்கு நிறுவப்பட்ட ஒன்று. மல்லாக்கக் கிடத்திப் போத்தலை வாயில் வைத்துவிட்டுப் போவது அதற்கு நேர்மாறானது; பால் கிடையான குழாயின் வாயிலை நோக்கி ஓடுகிறது.

தடுப்பூசியைப் பற்றி ஒரு சொல். இலங்கையில் 2008இல் அறிமுகமான ஐங்கூட்டுத் தடுப்பூசியில் ஈமோபிலசு பி வகைக்கு எதிரான கூறும் உண்டு. மூளையுறை அழற்சியைத் தடுப்பதில் அதன் பெறுமதி பெரிது. ஆனால் நடுச்செவியில் இடர் செய்யும் ஈமோபிலசு பெரும்பாலும் உறையற்ற வேறு வகையைச் சேர்ந்தது. ஆகவே 'ஊசி போட்டாயிற்றே' என்று செவியைப் பற்றிக் கவலையற்றிருத்தல் ஆகாது.

வகுப்பறையில்

திரவம் நிறைந்த செவி முற்றாகக் கேளாமற் போவதில்லை. சராசரியாக 25 முதல் 30 டெசிபல் வரை கேள்வி குறைகிறது. இரு சுட்டுவிரல்களாலும் காதைப் பொத்திக்கொண்டு உரையாடுவதை ஒருவாறு உவமையாகக் கூறலாம். பேரொலி கேட்கும், பெயர் சொல்லி உரக்க அழைத்தால் பிள்ளை திரும்பும், ஆகவே 'காது நல்லாத்தான் கேக்குது' என்று வீட்டார் கூறுவர். தப்பிப்போவன மெல்லொலிகள். தமிழ் மாணவர் இவ்விடத்திற் சற்று நின்று நோக்கவேண்டும். நம் மொழியில் இலக்கணப் பொருளைச் சுமப்பவை சொல்லின் ஈறுகள். ஐ, கு, இல், ஆல் என்னும் உருபுகள் அழுத்தமின்றி மெல்லென ஒலிப்பவை; அரை மாத்திரையளவே ஒலிக்கும் குற்றியலுகரத்தைச் சொல்லவேண்டியதில்லை. சொல்லின் முதற்பகுதி கேட்டு ஈறு கேளாத பிள்ளைக்கு, யார் யாரை அடித்தார் என்பதே குழம்பும்.

இன்னும் ஒன்று. மலையகப் பேச்சு வழக்கிற் பெரும்பாலும் ழகரம் ளகரமாகவே ஒலிக்கிறது. ஆகவே ழகரத்தைப் பிள்ளை வீட்டிற் கேட்பதில்லை. ஆசிரியரின் வாயிலிருந்துதான் கேட்கவேண்டும். அங்கும் கேளாவிடின், அதற்கு அவ்வொலி இல்லாத ஒன்றே. லகர ளகர ழகரங்களும், நகர ணகர னகரங்களும் ஒன்றிலிருந்து ஒன்று நுண்ணிய வேறுபாட்டால் மட்டும் பிரிபவை. அந்நுண்மையையே திரவம் முதலில் விழுங்கிவிடுகிறது. தடுப்புச் சுவரின்றிப் பல வகுப்புகள் ஒரே மண்டபத்தில் நடக்கும் பாடசாலையில், தகரக் கூரையில் ஆடி மழை கொட்டும் நாளில், நல்ல செவியுள்ள பிள்ளைக்கே ஆசிரியரின் குரல் எட்டுவதில்லை. செவி மந்தமான பிள்ளை கடைசி வாங்கில் அமர்ந்து, அயலிலிருப்பவனைப் பார்த்து எழுதப் பழகிக்கொள்கிறது. அறிக்கையில் அது 'கவனமின்மை' என்றும் 'மந்தம்' என்றும் பதிவாகிறது. தோட்டப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்ற பழைய துரைத்தனக் கருத்து இப்படிப்பட்ட பதிவுகளிலிருந்துதான் இன்றும் உயிர் பெறுகிறது.

பாடசாலை மருத்துவ பரிசோதனை முதலாந் தரத்திலேயே தொடங்குகிறது என்பது நம் நாட்டின் நற்பேறு. ஆனால் இந்நோய்க்கு அது இரு வகையிற் போதாது. மொழி வேரூன்றும் வயது ஒன்று முதல் நான்கு வரை. முதலாந் தரத்தை எட்டும்போது அவ்வயது கடந்துவிடுகிறது. மேலும், இத்திரவம் வற்றியும் பெருகியும் வருவது. வெயில் மாதமாகிய பெப்ரவரியிற் சோதித்தால் நன்றாயிருக்கும் செவி, சூலையில் அடைத்துக் கிடக்கலாம். ஆதலால் மழைக்காலத்தில் ஒருமுறை சோதித்து, குறை கண்ட பிள்ளையை மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதித்து, அப்போதும் நீங்காதிருப்பின் நிபுணரிடம் அனுப்புவதே முறை. செவிப்பறையின் அசைவை அளக்கும் கைக்கருவி ஒன்றும், அதனைக் கையாளப் பழகிய குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரும் இருந்தால் பிள்ளை மடுவத்திலேயே இதனைச் செய்யலாம். குழந்தை வாய்திறந்து விடை கூறவேண்டிய அவசியமில்லை.

இடைப்பட்ட மூன்று மாதத்தில் ஆசிரியர் செய்யக்கூடியவை செலவில்லாதவை. பிள்ளையை முன் வாங்கில், நன்றாகக் கேட்கும் செவி தம் பக்கம் இருக்குமாறு இருத்தலாம். கரும்பலகையைப் பார்த்துப் பேசாது, வெளிச்சத்தில் முகம் தெரிய நின்று பேசலாம். சொல்வதெழுதலில் 'மழை' என்று கூற 'மலை' என்று எழுதும் பிள்ளையைத் தண்டிக்குமுன், பின்னால் நின்று மெல்லிய குரலில் அதன் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம்.